நல்லவிதமாக இரண்டு வார்த்தை

பதினொரு மணிக்கு வருவார்கள். இப்போது பத்து பத்து. அதற்குள் நான் எழுந்து, பல் துலக்கி, நான்கு நாள் தாடியை மழித்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து ஒரு சேதி சொல்ல வேண்டும். முதல் வேலை எழுவது. அதுவே நடக்கவில்லை. பிரம்பு நாற்காலியின் கைப்பிடியில் ஒரு நார் பிய்ந்து நிற்கிறது. விரலால் அழுத்துகிறேன், படுத்துக்கொள்கிறது. விரலை எடுத்தால் எழுந்துகொள்கிறது. அதற்கு இருக்கிற தெம்பு எனக்கு இல்லை. மனோன்மணி ஒன்பதரைக்கே அவள் தங்கை மகளின் வளைகாப்புக்குக் கிளம்பிப் போய்விட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்குக் காரணத்தையும் செருப்பு மாட்டும்போது சொன்னாள், "உங்களைக் கூட்டிட்டுப் போனா வர்றவ போறவ எல்லாம் அவருக்கு என்னாச்சுன்னு என்னைத்தான் கேப்பாளுங்க." சரிதான். எனக்கு என்னாச்சு என்று எனக்கே தெரியாதபோது அவள் என்ன பதில் சொல்வாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து மேஜையைக் காட்டினாள். மேஜைமேல் பச்சை மூடி போட்ட டப்பா. மேல் வீட்டு கிரிஜா நேற்று சாயங்காலம் கொண்டுவந்து வைத்த கேரட் அல்வா. "அவங்க பையனை விசாரிக்கப் பொண்ணு வீட்டுக்காரங்க வருவாங்க. அவங்க வீட்டு விஷயம் நமக்கு எதுக்கு? நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்புங்க. முடியலைன்னா கதவையே திறக்காதீங்க, தூங்கற மாதிரி இருந்துடுங்க." தூங்குகிற மாதிரி இருப்பது எனக்குச் சுலபம். ஒன்றரை வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சுவரில் நாள்காட்டி இன்னும் புதன்கிழமையில் நிற்கிறது. இன்றைக்கு ஞாயிறு. நான்கு தாள்கள்தான், எழுந்து கிழித்துவிடலாம், ஆனால் நான்கையும் ஒன்றாகக் கிழித்தால் அந்த நாட்களை நான் எங்கே வைத்தேன் என்று யாரோ கேட்பார்கள் போல இருக்கிறது.

சொல்ல வேண்டியதைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து அதைத்தான் செய்கிறேன். கோகுல் கை ஓங்குகிற பையன். பெற்ற தாயையே அடிக்கிறான். உங்கள் பெண்ணைக் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் வாய் வறண்டிருக்கிறது. அந்த வெள்ளை மாத்திரை வாயை வறட்டும் என்று டாக்டரே சொன்னார், அடிக்கடி தண்ணீர் குடிக்கச் சொன்னார், தண்ணீர் குடிக்க எழ வேண்டும். முதல் நாள் அந்த டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "எதையாவது நினைச்சு வருத்தப்படறீங்களா?" நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மனோன்மணி சொல்லிவிட்டாள், "ரிட்டயர் ஆனதுலேர்ந்து சும்மாவே உக்காந்திருக்கார் டாக்டர், அதான்." அவர் எழுதிக்கொண்டார். காலையில் அரை மாத்திரை, இரவில் ஒன்று, தினமும் வாக்கிங், பழசையெல்லாம் கிளறாதீங்க. நானா கிளறுகிறேன்? பல் துலக்கப் போனால் பேஸ்டின் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை அட்டைகளைப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மறைத்து வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று. ஆனால் மனோன்மணி எதிர் வீட்டுத் தமயந்தியிடம் சொல்லிவிட்டாள், தமயந்தி கீழ் வீட்டில் சொல்லிவிட்டாள், கீழ் வீட்டில் சொன்னால் பிளாக் முழுக்கச் சொன்ன மாதிரி. காய்கறி வண்டிக்காரர்கூட இப்போதெல்லாம் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார், காது கேட்காதவனிடம் பேசுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாக. காது. இல்லை, அது இப்போது வேண்டாம். பத்து பதினாறு.

என் காது நன்றாகத்தான் கேட்கிறது. மேலே என் தலைக்கு நேராக அவர்கள் வீட்டுக் கூடம். முதலில் ஒரு நாற்காலி இழுபடும். பிறகு கோகுலின் குரல். உயராது, அதுதான் பயம், தபாலில் வந்த சேதியைப் படிக்கிற மாதிரி ஒரே சீராக ஏதோ சொல்வான். பிறகு ஒரு சத்தம், தலையணையைத் தரையில் போட்டமாதிரி. பிறகு இன்னொன்று. பிறகு சமையலறையில் குழாயைத் திறப்பாள். குழாய் நெடுநேரம் ஓடும். பாத்திரம் எதுவும் நகராது, தண்ணீர் மட்டும் ஓடும். எதற்கு அவ்வளவு நேரம் தண்ணீரை விடுகிறாள் என்று முதல் இரண்டு தடவை யோசித்தேன், மூன்றாவது தடவை யோசிக்கவில்லை. போன வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு அப்படித்தான். மறுநாள் படியில் பார்த்தபோது கிரிஜா நின்று, "பாத்ரூம்ல வழுக்கிடுச்சு சார்" என்றாள். நான் கேட்கவே இல்லை. நேற்று அல்வா டப்பாவை நீட்டும்போதும் புடவைத் தலைப்பை இழுத்து இடது மணிக்கட்டை மூடிக்கொண்டாள். "துறையூர்க்காரங்க சார். தரகர் சொன்னாரு, நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து அக்கம்பக்கத்துல கேப்பாங்களாம். நீங்க பெரியவங்க, நல்லவிதமா ரெண்டு வார்த்தை சொல்லணும். ஒரு கல்யாணம் ஆயிட்டா சரியாயிடுவான்." கடைசி வாக்கியம் வாய் தவறி வந்துவிட்டது அவளுக்கு. சரியாவதற்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன். கோகுல் மரியாதையான பையன், அதையும் சொல்லத்தான் வேண்டும். போன மாதம் கேஸ் சிலிண்டரை நான் படியில் உருட்டிக்கொண்டிருந்தபோது, "விடுங்க அங்கிள், உங்களுக்கு எதுக்கு" என்று ஒரே கையால் தூக்கி அடுப்படிவரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கை. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தான்.

விசாரிக்க வருகிறவர்கள் எல்லாருமே நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்கள். மாசிலாமணியும் அப்படித்தான் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. ஐப்பசி மாதம், அடைமழை. பாலக்கரையில் எங்கள் லாரி ஆபீஸ். நான் புக்கிங் கிளார்க், லோகிதாசன் எனக்கு அடுத்த மேஜை. மாசிலாமணி லால்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். குடையை மடக்கி, நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "சார், உங்க ஆபீஸ்ல லோகிதாசன்னு… என் பொண்ணுக்குப் பார்த்திருக்கோம்… பையன் எப்படி?" என்றார். மணி மூன்றேகால். வெளியே லாரி காத்திருந்தது, சேலத்துக்குப் போகிற லோடு, டிரைவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான், பில் போட வேண்டும், தகரக் கொட்டகைக்கு அடியில் உத்தண்டியும் மற்ற லோடுமேன்களும் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். நான் தலையை நிமிர்த்தி, "தங்கமான பையன் சார். கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்" என்றேன். அந்த மனிதர் முகத்தில் அப்படியே வெளிச்சம் வந்தது. எழுந்து கும்பிட்டார். போனார். பிறகு குடையை மறந்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார், எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான், மொத்தம் ஐந்து நிமிடம்கூட இருக்காது. லோகிதாசனைப் பற்றி எனக்குத் தெரியாதா? தெரியும். அதற்கு முந்தின வருடம் கும்பகோணம் கிளைக்குக் கணக்குச் சரிபார்க்கப் போனபோது ஒரே லாட்ஜ் அறையில் இரண்டு நாள் தங்கினோம். குடித்துவிட்டு, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் தங்கை யாரோடோ பேசிக்கொண்டிருந்தாளாம், ஜன்னல் கம்பியில் கையைக் கட்டிவிட்டு பெல்ட்டால் விளாசினானாம். "இப்பல்லாம் என் செருப்புச் சத்தம் கேட்டாலே ஒண்ணுக்குப் போயிடுவாண்ணே." அதைச் சொல்லிவிட்டுப் புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்தான். நானும் பிய்த்தேன். தோய்த்தேன். சாப்பிட்டேன்.

என்ன சொல்லியிருக்கலாம்? "யோசிச்சுச் செய்யுங்க" என்றாவது சொல்லியிருக்கலாம். அது போதும், விசாரிக்க வருகிறவர்களுக்கு அந்தப் பாஷை தெரியும். "இன்னும் ரெண்டு பேரைக் கேளுங்க சார்" போதும். "எனக்கு அவ்வளவாப் பழக்கம் இல்லை" போதும். ஒன்றுமே பேசாமல் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே புரிந்திருக்கும். நாலு வழி திறந்து கிடந்தது. நம் ஊரில் ஒரு கல்யாணத்தைச் சொல்லால் கெடுத்தால் ஏழு தலைமுறைக்குப் பாவம் என்பார்கள். சொல்லால் நடத்திவைத்த கல்யாணத்துக்கு எத்தனை தலைமுறை என்று யாரும் கணக்குச் சொன்னதில்லை. பூங்கோதை, அதுதான் அந்தப் பெண்ணின் பெயர், ஆறு வருடம் இருந்தாள் அவனோடு. ஆறாவது வருடம் இடது காது போய் அப்பா வீட்டுக்கு வந்தாள். அடி வாங்கி வாங்கிச் சவ்வு கிழிந்து, சீழ் கோத்து, பிறகு கேட்கவில்லை. லோகிதாசன் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிப் போய் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருக்கிறான். பழைய ஆபீஸ்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஐந்தரை மணிக்கு ரோஜாப்பூப் படம் போட்டு "இனிய காலை வணக்கம்" அனுப்புகிறான். அதைப் பார்க்காமல் ஒரு நாளும் எனக்கு விடிவதில்லை. குழுவைவிட்டு வெளியே வரலாம். வந்தால் ஏன் என்று கேட்பார்கள். மாசிலாமணி என்னைக் கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் பார்த்தால் அவரே கிட்டே வந்து, "சார் சௌக்கியமா?" என்பார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நீங்க என்ன பண்ணுவீங்க, எங்க நேரம்" என்றார். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் இவ்வளவு வருடம் வலித்திருக்காது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது துக்கம் கேட்கப் போனேன். பூங்கோதை தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் காட்டி, "யாரு?" என்றாள். பெயரைச் சொன்னேன். "அப்பா உங்களைப் பத்தி நல்லவிதமாச் சொல்லுவாரு" என்றாள். பந்தலுக்கு வெளியே வந்து செருப்பைத் தேடினேன், காலிலேயே இருந்தது. மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. டாக்டரிடம் இதைத்தான் சொல்ல நினைத்தேன். ரிட்டயர் ஆனதால் என்று எழுதிவிட்டார்.

பத்து இருபத்தெட்டு. குளிக்க வேண்டும். வாளியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஹீட்டர் போட வேண்டும், துண்டு எங்கே என்று பார்க்க வேண்டும், சட்டைக்கு ஐந்து பொத்தான். வாய் இனிக்கிறது. ஏன் இனிக்கிறது? குனிந்து பார்த்தால் பச்சை மூடி என் மடியில் இருக்கிறது. டப்பா என் கையில் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நெய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எப்போது எழுந்து எடுத்தேன்? எழ முடியாதவன் அல்வாவுக்கு எழுந்திருக்கிறேன். ஸ்பூன்கூட இல்லாமல் விரலாலேயே வழித்திருக்கிறேன். சரி. இப்போதாவது ஒழுங்காகச் சொல்லிவிடலாம், வீட்டில் யாரும் இல்லை. அன்றைக்கு வெளியே லாரி எதுவும் காத்திருக்கவில்லை. சேலம் லோடு இரண்டு மணிக்கே போய்விட்டது. மூன்றேகாலுக்கு மேஜைமேல் ஒரு வேலையும் கிடையாது, நான் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று காலையில் லோகிதாசன் என் மேஜை ஓரத்தில் தொடையை வைத்து உட்கார்ந்து, "அண்ணே, தீபாவளி டூட்டியை நான் பார்த்துக்கறேன், நீங்க ஊருக்குப் போயிட்டு வாங்க. மத்தியானம் ஒருத்தர் வருவாரு என்னைப் பத்திக் கேக்க. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றான். அந்த வருடம் தீபாவளி டூட்டி எனக்குத்தான். மனோன்மணி ஒரு மாதமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். போனோம், காரைக்குடிக்கு, அவள் அப்பா வீட்டுக்கு. நாள் முழுக்க மழை. ஒரு வெடி வெடிக்கவில்லை. கறிக்குழம்பு ஒத்துக்கொள்ளாமல் எனக்கு வயிற்றைப் பிடுங்கி, பாதி நாள் கொல்லைப்புறத்திலேயே கழிந்தது. அந்தத் தீபாவளிக்காக. ஒரு காதுக்கு ஒரு தீபாவளி. இப்போது ஓர் அல்வா. என்னை வாங்க எப்போதும் அதிகம் தேவைப்பட்டதில்லை. ஆனாலும் இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டும் சொல்வேன். கிரிஜா என்ன நினைத்தாலும் சரி, கோகுல் படியில் மறித்தாலும் சரி. ஒரே ஒரு தடவை நான் சரியாகச் சொல்லிவிட்டால், ஒரே ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் இரண்டு காதும் கேட்டுக்கொண்டிருந்தால், ஒருவேளை நாளைக் காலையில் அந்த நாள்காட்டித் தாளை என்னால் கிழிக்க முடியும். கோகுல் கை ஓங்குகிற பையன். பெற்ற தாயையே அடிக்கிறான். உங்கள் பெண்ணைக் கொடுக்காதீர்கள். கொடுக்காதீர்கள். அந்தக் குடை எதற்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது? ஒரு மனிதர் குடையை மறந்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டு போனார், இதில் என்ன இருக்கிறது?

வாசல் மணி அடிக்கிறது. நேரம் பத்து நாற்பதுதான். இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். பல் துலக்கவில்லை, கைலி, தோளில் ஓட்டை விழுந்த பனியன், கையில் நெய். தூங்குகிற மாதிரி இருந்துவிடலாம். மறுபடி அடிக்கிறது. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, கதவைத் திறந்தேன். இரண்டு பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. "சார், நாங்க துறையூர். என் பேரு நல்லுசாமி. இது என் மச்சினன், பொண்ணுக்குத் தாய்மாமன்." உட்காரச் சொன்னேன். நல்லுசாமி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தாய்மாமன் உட்காரவில்லை, நாள்காட்டியைப் பார்த்தார், என் தாடியைப் பார்த்தார், மேஜையில் திறந்து கிடந்த கண்ணாடிக் கூட்டையும் அதிலிருந்து எட்டிப் பார்த்த மாத்திரை அட்டையையும் பார்த்தார். மேல் வீட்டுப் பையனைப் பற்றி என்று நல்லுசாமி தொடங்குவதற்குள் நான் சொல்லிவிட்டேன். நான்கு நாளாகப் பேசாத குரல், தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "கை ஓங்கற பையன். பெத்த தாயையே அடிக்கிறான். உங்க பொண்ணைக் குடுக்காதீங்க." சொல்லிவிட்டேன். நல்லுசாமி என்னையே பார்த்தார். "கண்ணால பார்த்தீங்களா சார்?" "பார்க்கலை. கேட்டேன். மேலேர்ந்து சத்தம் வரும்." "என்ன சத்தம்?" என்றார் தாய்மாமன். "நாற்காலி இழுக்கற சத்தம். அப்புறம் குழாய்." "குழாயா?" "ஆமாம். ரொம்ப நேரம் தண்ணி ஓடும். பாத்திரம் நகராது." சொல்லும்போதே அது என் காதுக்கே எப்படியோ கேட்டது. "எங்க வீட்லயும் குழாயைத் திறந்தா தண்ணிதான் சார் ஓடுது" என்றார் அவர். நல்லுசாமி அவரைக் கையமர்த்திவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, "இந்தச் சத்தமெல்லாம் உங்களுக்கு தினமும் கேக்குங்களா? தூக்கம் வருதுங்களா?" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. அந்த டாக்டரின் குரல். "கீழே கேட்டப்பவே சொன்னாங்க, சாருக்குக் கொஞ்சம் உடம்புக்கு முடியலைன்னு." நான் சொன்னேன், "உடம்புக்கு இல்லைங்க, மனசுக்கு. மாத்திரை சாப்பிடறேன். ஆனா எனக்குக் காது நல்லாக் கேக்கும்." தாய்மாமன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். நல்லுசாமி சிரிக்கவில்லை. "பையன் உங்களுக்குச் சிலிண்டர் எல்லாம் தூக்கிக் குடுப்பானாமே சார்?" "தூக்குவான்." "அப்புறம் என்ன சார்?" நேற்றிலிருந்து மூன்று வாக்கியம்தான் தயார் செய்திருந்தேன். மூன்றும் தீர்ந்துவிட்டன. "பொண்ணு பேர் என்ன?" என்று கேட்டேன். "யாழினி" என்றார். "யாழினியைக் குடுக்காதீங்க." "பொண்ணு பேரை எதுக்குக் கேக்கறாரு இவரு?" என்று தாய்மாமன் குரலை உயர்த்தினார். "வாங்க மச்சான், நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல." நல்லுசாமி எழுந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "மனசுல வச்சுக்காதீங்க சார். உடம்பைப் பார்த்துக்குங்க."

கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளில் கை இருந்தது, போடவில்லை. எதிர் வீட்டு மணி அடித்தது. தமயந்தி கதவைத் திறக்கிற சத்தம், வளையல் சத்தம், வாங்க வாங்க, உள்ள வாங்க. "இருக்கட்டும்மா, ஒரு நிமிஷம்தான். மேல் வீட்டுக் கோகுல்…" என்றார் நல்லுசாமி. அவள் முடிக்க விடவில்லை. "கோகுலா? தங்கமான பையன் சார்!" அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். என் உதடுகள் அவளுக்கு முன்னாலேயே அசைந்தன. "கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்." அவள் வீட்டு மேஜையிலும் ஒரு பச்சை மூடி டப்பா இருக்கும். இருக்கட்டும், டப்பா இல்லாவிட்டாலும் அவள் அதைத்தான் சொல்வாள், யாரும் அதைத்தான் சொல்வார்கள். பிறகு நல்லுசாமி குரலைத் தாழ்த்திக் கேட்டார், கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது, "எதிர் வீட்டு சார் வேற மாதிரி சொல்றாரே?" "அவரா?" என்றாள் தமயந்தி. "பாவம். அதையெல்லாம் நீங்க காதுலயே போட்டுக்காதீங்க." இப்போது கதவைத் திறக்கலாம். திறந்து மறுபடி சொல்லலாம், கத்தலாம், படியில் விழுந்து அவர் காலைப் பிடிக்கலாம். கத்தினால் பாவம் என்பது பைத்தியம் என்று ஆகும். அவரா? அந்த ஒரு சொல்லை எனக்குத் தெரியும். அது என் சொல். மாசிலாமணி குடையை மறந்துவிட்டு உள்ளே வரவில்லை. இரண்டாம் தடவை வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றபோது குடை அவர் கையில்தான் இருந்தது, நுனியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது, இருபத்திரண்டு வருடமாக நான் அந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வெளியில ஒரு லோடுமேன் வேற மாதிரி சொல்றாரே சார்" என்றார். "வேணாம் சாமி, அவன் மிருகம்னு சொல்றாரு." நான் வாசலைப் பார்த்தேன். தகரக் கொட்டகைக்கு அடியில், முதுகில் மூட்டையோடு, உத்தண்டி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவனா?" என்றேன். சிரித்தேன். "விடுங்க சார், விடிஞ்சா ஊத்திக்கிறவன்." மாசிலாமணியும் சிரித்தார். மனம் லேசாகிக் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். இப்போது படியில் இரண்டு ஜோடிச் செருப்பு இறங்குகிறது, தாய்மாமன் ஏதோ தேதி சொல்கிறார், நல்லுசாமி சரி என்கிறார். மேலே என் தலைக்கு நேராக யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். உத்தண்டி தினமும் குடிப்பான், அது உண்மைதான். அன்றைக்கு அவன் குடித்திருக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.